தபிஸ்தான்: உருதுக் கவிதையின் ‘பள்ளி’க்குத் தமிழில் எது சரியான சொல்?

உருதுக் கவிதை வரலாற்றைப் படிக்கத் தொடங்கினால் இரண்டு கவிஞர் கூட்டங்களின் பெயர்கள் எதிரெதிரே வந்து நிற்கும்: தபிஸ்தானே தில்லி, தபிஸ்தானே லக்னோ. ‘தில்லிப் பள்ளி’, ‘லக்னோப் பள்ளி’ என்று தமிழில் எழுதிவிடலாம். ஆனால் எனக்கு அந்தப் ‘பள்ளி’ உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தபிஸ்தான் பாரசீகச் சொல். ஈரானில் இன்றும் தொடக்கப் பள்ளிக்கு அதுதான் பெயர். ‘அதப்’ என்றால் பண்பாடு, இலக்கியம். அதிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. மொழியறிஞர்கள் காட்டும் வழி வேறு. ‘தபீர்’ என்றால் எழுத்தர். எழுத்தர்கள் பயிலும் இடம் தபீரிஸ்தான்; அது தேய்ந்து தபிஸ்தான் ஆனது. தபீரின் வேரில் இருப்பது ‘திபி’ என்ற பழம்பாரசீகச் சொல். இன்னும் பின்னால் போனால் களிமண் பலகையைக் குறிக்கும் சுமேரியச் சொல் ‘துப்’ வரை போகலாம். வடமேற்கில் கிடைத்த அசோகர் கல்வெட்டுகளிலும் ‘திபி’ வருகிறது. நாம் சொல்லும் ‘லிபி’ அதன் உறவு. ‘ஸ்தான்’ நமக்குத் தெரிந்த ஸ்தானம்தான். லக்னோவின் பெரிய மர்சியாக் (இரங்கற்பாக்) கவிஞர் ஒருவர் மிர்ஸா தபீர் என்றே புனைபெயர் வைத்துக்கொண்டார் என்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

சரி, இரண்டு தபிஸ்தான்களுக்கும் என்ன சண்டை? தில்லிக் கவிதை உள்முகமானது, எளிய பேச்சில் துயரம் சொல்வது. லக்னோக் கவிதை வெளிமுகமானது, காதலியின் கூந்தலையும் உடையையும் சொல் விளையாட்டோடு பாடுவது என்பார்கள். அந்த இரண்டு குணங்களையும் தாக்கிலியத், காரிஜியத் என்று சொல்வது வழக்கம். உருதுவில் உயிரில்லாப் பொருளுக்கும் பால் உண்டு. சில சொற்கள் ஆண்பாலா பெண்பாலா என்பதில்கூட இரண்டு ஊரும் ஒத்துப்போகவில்லை. லக்னோக் கவிஞர் நாசிக், பழைய வழக்குகளைக் களைந்து மொழியைச் செதுக்கியவர். நாசிக் என்ற புனைபெயருக்கே ‘நீக்குபவர்’ என்றுதான் பொருள்.

ஆனால் ஊரை வைத்துப் பார்த்தால் எல்லாம் குழம்பிவிடும். தில்லியின் தலைமகன் மீர் தகீ மீர் பிறந்தது ஆக்ராவில். 1739இல் ஈரான் மன்னர் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடினார். அப்புறம் ஆப்கான் மன்னர் அப்தாலியின் படையெடுப்புகள். பிழைக்க வழியில்லாமல் கவிஞர்கள் கிழக்கே போனார்கள். சௌதா போனார், 1782இல் மீரும் லக்னோ போனார். 1810இல் அங்கேதான் இறந்தார். கடைசி 28 ஆண்டுகள் லக்னோவில் வாழ்ந்தவரை யாரும் லக்னோக் கவிஞர் என்பதில்லை. லக்னோவிலேயே நாசிக்கின் போட்டியாளரான ஆதிஷின் பக்கிரி மனமோ தில்லிக்காரர்களுக்கு நெருக்கமானது.

அப்படியானால் தபிஸ்தான் சுட்டுவது கட்டடத்தையும் அல்ல, ஊரையும் அல்ல. ஓர் உஸ்தாத் (குரு) திருத்திக் கொடுக்க ஷாகிர்த் (சீடர்) எழுதி, அவர் பிறகு தானே உஸ்தாதாகி, இப்படித் தலைமுறையாகக் கைமாறும் ஒன்று. தமிழில் ‘பள்ளி’யும் முதலில் இடம்தான், சமணத் துறவிகள் தங்கிய இடம், படுக்கை, பிறகு கல்விக்கூடம். ‘பாணி’ நல்ல சொல், ஆனால் நடையை மட்டும் சொல்லும். மொழித் திருத்தமும் குருசீட உறவும் அதில் அடங்காது. ‘சிந்தனைப் பள்ளி’ ஆங்கிலத்தின் நிழல். என் தேர்வு ‘கவிமரபு’: தில்லிக் கவிமரபு, லக்னோக் கவிமரபு. நடையை மட்டும் பேசும்போது லக்னோப் பாணி எனலாம்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு தில்லிக் கவிஞர் தாக் என்பவரும் லக்னோக் கவிஞர் அமீர் மீனாயியும் ராம்பூர் நவாபின் அவையில் ஒன்றாக இருந்தார்கள். அமீர் 1900இலும் தாக் 1905இலும் இறந்தது ஹைதராபாதில். இரண்டு மரபுக்காரர்கள், இரண்டு பேருக்கும் கடைசியில் ஒரே ஊர்.