கிரிட்டீரியம்: பிரேக்கைக் குறைவாகப் பிடிப்பவரின் பந்தயம்

அமெரிக்காவில் கோடை வந்தால் ஊர் மையத்தில் நாலைந்து தெருக்களைத் தடுப்பு வைத்து அடைத்து, அதையே சுற்றிச் சுற்றிச் சைக்கிள் பந்தயம் நடத்துவார்கள். இதுதான் கிரிட்டீரியம், ஓட்டுகிறவர்கள் வாயில் ‘கிரிட்’. நியூஜெர்சி மாநிலத்தின் சாமர்வில் பந்தயம் 1940இல் தொடங்கியது. ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரத்து இரவுப் பந்தயம் 1980இல் பிறந்தது. ஓக்லஹோமாவின் டல்சாவில் ஜூன் மாதம் மூன்று நாள் திருவிழாவாகவே நடக்கிறது. பெரிய அணிகள் களமிறங்கும் அதே தெருக்களில் அமெச்சூர்களுக்கும் பிரிவு வாரியாகப் பந்தயம் உண்டு: புதியவர்களுக்கு 5ஆம் பிரிவு, தேறத் தேற 4, 3 என்று மேலே ஏறி 1 வரை.

அமெரிக்க விதிப்படி ஒரு சுற்றின் நீளம் 800 மீட்டரிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தெருவின் அகலம் எங்குமே 7 மீட்டருக்குக் குறையக் கூடாது. நடைமுறையில் 1 கிலோமீட்டரும் நான்கு செங்கோண வளைவுகளும் கொண்ட சதுரம்தான் அதிகம். ஏற்றம் பெரிதாக இருக்காது, தூரமும் குறைவு. வீட்டில் ஏறி மிதிக்கும் பயிற்சி சைக்கிளில் நல்ல வாட் எண்களை (மிதிக்கும் திறனின் அளவு) காட்டும் ஒருவர் முதல் கிரிட்டிலேயே பத்தாவது நிமிடத்தில் கூட்டத்திலிருந்து கழன்று பின்தங்குவது வழக்கமான காட்சி. காலில் பலம் போதாததால் இப்படி ஆவது அபூர்வம். ஒவ்வொரு வளைவிலும் அவர் கொஞ்சம் கூடுதலாகப் பிரேக் பிடித்திருப்பார், அவ்வளவுதான்.

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தின் தலையில் இருப்பவர் 42 கி.மீ. வேகத்தில் வந்து, வளைவில் 38க்கு இறங்கி, மறுபடி 42க்கு ஏறுகிறார். இழந்த இயக்க ஆற்றலை மீட்க அவருக்குச் சுமார் 990 ஜூல் செலவு. கடைசியில் இருப்பவரோ 30 வரை இறங்கிவிட்டு 42க்கு ஏற வேண்டும். அவருக்கு 2,670 ஜூல். இதை ஐந்து நொடியில் செய்ய, காற்றைக் கிழிக்கும் செலவு போக, 530 வாட் தேவை. தலைக்கும் வாலுக்கும் வளைவுக்கு 1,680 ஜூல் வித்தியாசம். 25 சுற்று என்றால் 100 வளைவு. மணிக்கு 40 கி.மீ. சராசரியில் பந்தயம் முப்பத்தேழரை நிமிடம் ஓடும். வித்தியாசத்தை அந்த நேரத்தில் பரப்பினால் சராசரியாக 75 வாட் வருகிறது. கணக்கு எளிமைப்படுத்தியதுதான், ஆனாலும் ஒரு மணி நேரம் 250 வாட் தாங்கும் ஓட்டுநருக்கு 75 வாட் என்பது பந்தயத்தில் இருப்பதற்கும் வீட்டுக்குப் போவதற்கும் உள்ள தூரம்.

கூட்டத்துக்குள் காற்று மறைவு கிடைக்கிறதே, அது ஈடுகட்டாதா? ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டினால் காற்றுத்தடை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பது உண்மை. ஆனால் அது பத்தாவது இடத்தில் இருப்பவருக்கும் கிடைக்கிறது. வாலில் இருப்பவர் அதற்கு மேல் பெறுவது சொற்பம், கொடுப்பது அதிகம்.

வால் ஏன் அதிகம் பிரேக் பிடிக்கிறது? சிக்னலில் நிற்கும் வண்டி வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்: பச்சை விழுந்ததும் முதல் வண்டி போய்விடும், இருபதாவது வண்டி இன்னும் நின்றுகொண்டிருக்கும். இங்கே அது ஓடிக்கொண்டே நடக்கிறது. முதல் ஆள் வேகம் குறைத்ததும் இரண்டாம் ஆளுக்கு இடைவெளி சுருங்குகிறது. மோதாமலிருக்க அவர் ஒரு சொட்டு அதிகமாகப் பிடிக்கிறார். மூன்றாமவர் அதற்கும் மேல். முப்பதாவது ஆளிடம் வந்து சேரும்போது அது முழுப் பிரேக்காகியிருக்கும். அவர் வளைவைத் தாண்டும்போது முன்னணி அடுத்த தெருவில் முழு வேகத்தில் இருக்கும். அவர் எட்டிப் பிடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

இதற்கு ஒரு எளிய மருந்து உண்டு. புதியவர்களுக்கு அது தலைகீழாகத் தோன்றும். வளைவுக்கு முந்தைய 30, 40 மீட்டரில் மிதிப்பதை நிறுத்தி, முன்னால் இருப்பவரிடமிருந்து ஒன்றிரண்டு மீட்டர் பின்வாங்குங்கள். அவர் பிரேக் பிடிக்கும்போது அந்த இடைவெளியைத் தின்றுகொண்டே பிரேக் தொடாமல் உள்ளே போகலாம். வளைவை விட்டு வெளிவரும் கணத்தில் அவர் சக்கரத்துக்குப் பின்னால் சரியாகப் போய்ச் சேர்வீர்கள், அதுவும் அவரைவிடக் கூடுதல் வேகத்தில். இடைவெளி அதிகமானால் இன்னொருவர் நுழைந்துவிடுவார். குறைந்தால் பிரேக் பிடிக்க வேண்டிவரும். அந்த அளவு தெருவுக்குத் தெரு மாறும், ஓட்டித்தான் பிடிபடும். சிலர் இதையே உத்தியாக்கிக்கொண்டு வேண்டுமென்றே கூட்டத்தின் கடைக்கோடியில் உட்கார்ந்து, பெரிய இடைவெளி விட்டு மிதந்து வருவார்கள். சக்தி மிச்சமாகும். ஆனால் முன்னால் யாராவது விழுந்தாலோ, கூட்டம் இரண்டாக அறுந்தாலோ, கதை முடிந்தது. 5ஆம் பிரிவில் இரண்டும் நடக்கும்.

வளைவுக்குள் என்ன நடக்கிறது

சைக்கிளின் சாய்வை இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வேகமும் வளைவின் ஆரமும். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் சாய்கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். எடை அதில் இல்லை. கனமானவரும் ஒல்லியானவரும் ஒரே கோணத்தில்தான் சாய வேண்டும். 20 மீட்டர் ஆரத்தில் 40 கி.மீ. வேகமென்றால் சாய்வு சுமார் 32 டிகிரி.

ஆரத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியும் என்பதுதான் இதில் ருசியான இடம். 7 மீட்டர் தெருவில் இருபுறமும் அரை மீட்டர் விட்டு 6 மீட்டரைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். வெளி ஓரத்தில் தொடங்கி, உள்முனையைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போகும் வட்டவில்லின் ஆரம், செங்கோண வளைவில், பயன்படுத்தும் அகலத்தைப் போல 3.4 மடங்கு. அதாவது 20 மீட்டர். அகலத்தில் பாதி மட்டும் கிடைத்தால் ஆரமும் பாதியாகும். அதே சாய்வில் வேகம் 40லிருந்து 28க்கு விழும். கூட்டத்தின் உள்பக்கம், ஓரக்கல்லை ஒட்டி மாட்டிக்கொண்டவருக்கு நேர்வது இதுதான். உள்பக்கம் குறுக்குவழி போலத் தெரியும். வெளியே வரும்போது எல்லாரும் அவரைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

தனியாக ஓட்டும்போது உள்முனையைச் சற்றுத் தாமதமாகத் தொடுவது நல்லது. சீக்கிரம் தொட்டுவிட்டால் வெளியேறும்போது தெரு போதாமல் போகும், தடுப்பு வேலி எதிரே வரும், பயத்தில் கை பிரேக்குக்குப் போகும். வளைவுகளில் விழுகிறவர்களில் பலரும் விழுவது இப்படித்தான். டயரின் பிடிமானம் ஒரே கையிருப்பு. பக்கவாட்டில் திருப்பவும் வேகம் குறைக்கவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் பிடிமானக் குணகம் 0.8 என்று கொண்டால், திருப்பத்துக்கு 0.75ஐச் செலவழித்தவரிடம் பிரேக்குக்கு மிஞ்சுவது 0.28தான் (இரண்டு விசையும் செங்கோணத்தில் சேர்வதால், வர்க்கங்களைக் கழித்து மூலம் எடுக்க வேண்டும்). நேராகப் போகும்போது எவ்வளவு அழுத்திப் பழகினாரோ, அதே அழுத்தத்தை அங்கே காட்டினால் முன்சக்கரம் வழுக்கும். பின்சக்கரம் வழுக்கினால் சில நேரம் சமாளிக்கலாம், முன்சக்கரத்தை அப்படிச் சமாளிப்பது மிக அபூர்வம். ஆகவே பிடிக்க வேண்டிய பிரேக்கை எல்லாம் சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே பிடித்து முடித்துவிட வேண்டும்.

பாதாளச் சாக்கடை மூடிகளையும் பாதசாரிக் கோடுகளின் வெள்ளைப் பெயின்டையும் பந்தயத்துக்கு முன்பே நோட்டமிட்டு வையுங்கள். மழையில் இரண்டும் சோப்பு. தவிர்க்க முடியாவிட்டால் அந்த அரை மீட்டருக்கு மட்டும் சைக்கிளைச் சற்று நிமிர்த்தி, கடந்ததும் மறுபடி சாய்க்க வேண்டும்.

சாய்ப்பது எப்படி? வலப்பக்கம் திரும்ப, ஹேண்டில்பாரின் வலக்கைப் பிடியை முன்னால் லேசாகத் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் போகும். உடல் அப்படியே வலப்பக்கம் சரியும். பிறகு சக்கரம் தானாக வலப்பக்கம் திரும்பிச் சாய்வைத் தாங்கும். சைக்கிள் ஓட்டும் எல்லாரும் அறியாமலே இதைச் செய்கிறார்கள். விமானத்துக்கு முன் சைக்கிள் செய்து விற்ற வில்பர் ரைட், எப்படித் திரும்புகிறீர்கள் என்று பலரைக் கேட்டும் முழுச் செயலையும் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை என்று வியந்திருக்கிறார். பந்தயத்தில் இதை அறிந்து செய்வதால் ஒரு லாபம் உண்டு: வளைவின் நடுவில் ஓரக்கல் நெருங்கினாலோ, பக்கத்து ஆள் உள்ளே சரிந்தாலோ, உடலைத் திருகாமல் கைத்தள்ளலின் அளவை மாற்றியே கோட்டைத் திருத்தலாம்.

வெளிப்பக்கப் பெடல் கீழே, உடல் எடையில் பெரும்பங்கு அதன்மேல். உள்பக்கப் பெடல் மேலே. இது அழகுக்காக அல்ல. பெரும்பாலான ரோடு சைக்கிள்களில் கிராங்கின், அதாவது பெடலைத் தாங்கும் தண்டின், அச்சு தரையிலிருந்து சுமார் 27 செ.மீ. உயரத்தில் இருக்கும், 172.5 மி.மீ. கிராங்க் கீழே வரும்போது பெடலுக்குத் தரையிலிருந்து 9 செ.மீ.தான் மிச்சம். சாய்வு 30 டிகிரியை நெருங்கும்போது மிதித்தால் பெடல் தார்மேல் உரசி, பின்சக்கரம் துள்ளும். 165 மி.மீ. கிராங்க் போட்டால் 7.5 மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும், மற்றவர்களைவிட அரை மிதி முன்பே மிதிக்கத் தொடங்கலாம்.

கைகள் ஹேண்டிலின் கீழ் வளைவில் இருக்கட்டும். உடல் தாழும், பிரேக் நெம்புகோலின் நுனியை விரல் பிடிக்கும், பக்கத்து ஆளின் ஹேண்டில் உங்களுடையதில் சிக்காது. முழங்கை மடங்கியிருந்தால் தோளோடு தோள் உரசினாலும் அது சக்கரம் வரை போகாது. கண் முன்னவரின் பின்சக்கரத்தில் அல்ல, நீங்கள் வெளியேறப் போகும் இடத்தில்.

டயர் விஷயத்தில் பழைய பழக்கம் இன்னும் சிலரை விடவில்லை: கல்போல் காற்றடித்துவிட்டு ‘வேகம்’ என்பார்கள். கரடுமுரடான தெருவில் இறுகிய டயர் துள்ளும். துள்ளும் நேரத்தில் பிடிமானம் இல்லை. 70 கிலோ ஓட்டுநருக்கு 28 மி.மீ. டியூப்லெஸ் டயரில் முன்பக்கம் 65, பின்பக்கம் 70 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்று தொடங்கிப் பாருங்கள். மழையென்றால் இரண்டிலும் ஐந்து குறையுங்கள். டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பில்லாத ரிம் என்றால் 72.5 பிஎஸ்ஐ, அதாவது 5 பார், மேல்வரம்பு. அதைத் தாண்டினால் டயர் ரிம்மிலிருந்து தெறிக்கலாம்.

கூட்டத்துக்குள்

இங்கே முதல் விதி, உங்கள் கோடு பக்கத்தவர் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். மூன்று பேர் பக்கவாட்டில் நுழைந்தால் மூன்று பேரும் அதே வரிசையில் வெளியேற வேண்டும். தனியாக ஓட்டும்போது சரியான வெளி–உள்–வெளிக் கோடு, உள்பக்கம் ஆள் இருக்கும்போது அவரை ஓரக்கல்லோடு நசுக்கும் கோடாகிவிடும். மிதிக்காமல் உள்ளே பாய்ந்து நாலு இடம் முன்னேறுபவரை எந்தக் கூட்டத்திலும் பார்க்கலாம். அவர் வேகத்துக்கு அந்த ஆரம் போதாது, வெளியே அகன்று போவார், பின்னால் வரும் எல்லாரும் பிரேக் பிடிப்பார்கள். விழுந்தால் தனியாக விழமாட்டார்.

முன்னேறுவதற்கான இடம் நேர்த்தெரு. வேகம் தளர்ந்து கூட்டம் அகலமாகப் பரவும் கணத்தில், காற்று அடிக்காத பக்கமாக, முன்னேறும் இன்னொருவரின் பின்னால் ஒட்டிப் போக வேண்டும். முதல் பத்து இடத்தில் இருந்தால் போதும். முதல் இடத்தில் காற்றை முழுதாக வாங்கிக்கொண்டு எல்லாரையும் இழுப்பவருக்கு நன்றி கூட யாரும் சொல்வதில்லை. சும்மா இருந்தாலே ஒரு சுற்றுக்கு ஐந்தாறு இடம் பின்னால் போய்விடும், ஆகவே இது ஓயாத வேலை.

நடுநடுவே மணி அடிக்கும்: அடுத்த முறை கோட்டை முதலில் தாண்டுபவருக்கு ‘ப்ரீம்’ என்னும் இடைப்பரிசு. அதற்காகப் பாய்ந்தவர்கள் கோட்டைத் தாண்டியதும் மூச்சு வாங்குவார்கள். தப்பி ஓட அதைவிட நல்ல நேரம் இல்லை. மூன்று நான்கு பேர் கூட்டத்தை விட்டுப் பிரிந்தால், தெருவின் முழு அகலமும் அவர்களுடையது; ஒவ்வொரு வளைவையும் பிரேக் தொடாமல் எடுக்கலாம். வளைவு அதிகமான சுற்றில் இப்படிப் போனவர்களைப் பிடிப்பது கடினமாவதற்கு இதுவே காரணம். பின்னால் இருக்கும் அவர்களுடைய அணித்தோழருக்கும் வேலை எளிது: முன்வரிசைக்கு வந்து, விதி மீறாமல், வளைவை மட்டும் மணிக்கு ஒரு கி.மீ. வேகம் குறைத்து எடுத்தால் போதும். மிச்சத்தை அவருக்குப் பின்னால் வரும் பிரேக்குகள் பார்த்துக்கொள்ளும்.

டயர் பஞ்சரானாலோ, விழுந்தாலோ, குறிப்பிட்ட பழுதுபார்க்கும் இடத்துக்கு வந்தால், அமைப்பாளர்கள் அனுமதித்த பந்தயங்களில் ஒரு இலவசச் சுற்று கிடைக்கும். நடுவர் சொல்லும் நேரத்தில் அதே குழுவின் வாலில் சேரலாம். கடைசி 8 கிலோமீட்டரில் அந்தச் சலுகை இல்லை. செயின் கழன்றதற்கும் கிடைக்காது, அது ஓட்டுநரின் கவனக்குறைவு.

முடிவுக் கோடு கடைசி வளைவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத் தொடங்கும் முன்பே அளந்து வைக்க வேண்டும். 150, 200 மீட்டர்தான் என்றால் வளைவிலிருந்து மூன்றாவது இடத்துக்குள் வெளிவருபவர்களுக்குள்தான் வெற்றி. ஆகவே உண்மையான ஓட்டம் அந்த வளைவுக்கு முந்தைய தெருவிலேயே நடந்துவிடுகிறது. 400 மீட்டருக்கு மேல் இருந்தால் முதலில் வெளிவருபவர் மற்றவர்களுக்குக் காற்று மறைப்பாகிப் போவார். நான்காவது, ஐந்தாவது இடம் நல்லது.

கியரை வளைவுக்கு முன்பே தேர்ந்தெடுங்கள். உள்ளே மிதிக்க முடியாது. மிதிக்காமல் சங்கிலி பல் மாறாது. 40 கி.மீ. வேகத்தில் வெளிவரும்போது 53க்கு 15 (முன்னால் 53 பல், பின்னால் 15 பல்) என்றால் பெடல் நிமிடத்துக்கு 90 சுற்றில் தொடங்கும், உடனே பாயலாம். 53க்கு 12இல் மாட்டிக்கொண்டால் 72 சுற்று. அது உருளத் தொடங்குவதற்குள் இரண்டு பேர் பக்கத்தில் கடந்துவிடுவார்கள்.