தலையையும் பறிகொடுத்து பேரையும் பறிகொடுத்த ஒரு ஆறு

ஆல்ப்ஸ் ஆறுன்னா எல்லாரும் ரைனையும் ரோனையும்தான் சொல்வாங்க, எனக்கு புடிச்சது இன். பேரே அவ்ளோதான், இன். ஆஸ்திரியால இன்ஸ்புருக்னு ஒரு ஊர் இருக்குல்ல, அதுக்கு அர்த்தமே இன் ஆத்துப் பாலம்தான். மொத்தம் 517 கிலோமீட்டர், சுவிட்சர்லாந்துல பொறந்து, ஆஸ்திரியா வழியா போய், ஜெர்மனில பாசாவ்ங்கிற ஊர்ல டானூப்ல கலக்குது.

பொறக்கிற இடமே ஒரு கூத்து. லுங்கின் கணவாய்னு 2645 மீட்டர் உயரத்துல ஒரு இடம். அங்க பெய்யிற மழைல ஒரு சொட்டு இந்தப் பக்கம் உருண்டா இன் வழியா கருங்கடலுக்குப் போகும், கொஞ்சம் தள்ளி விழுந்தா ரைன் ஆத்துக்குப் போய் வடகடல், இன்னொரு பக்கம் சாஞ்சா மைராங்கிற ஆறு வழியா இத்தாலிக்குள்ள இறங்கி ஏட்ரியாடிக் கடல். ஒரே மேகம், மூணு கடல்.

இந்த மைராதான் கதைல திருடன். மேப்ல லுங்கினுக்குக் கீழ இருக்கிற இன்னொரு கணவாய், மலோயா பக்கம் ஜூம் பண்ணிப் பாருங்க. கணவாய் 1815 மீட்டர், பக்கத்துல இன் பள்ளத்தாக்குல இருக்கிற சில்ஸ் ஏரி 1797 மீட்டர், அதாவது ஏரிலேந்து கணவாய்க்கு ஏறவே வேணாம், சும்மா நடந்து போயிடலாம். ஆனா கணவாய்க்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்தா கிடுகிடு பள்ளம், ரோடே கொண்டை ஊசி வளைவா வளைஞ்சு வளைஞ்சுதான் இறங்குது. பள்ளத்தாக்குன்னா மேல போகப் போக ஒடுங்கி ஒரு மலைல போய் முட்டணும், இன் பள்ளத்தாக்கு என்னடான்னா அகலமா வந்து பொசுக்குனு பாதில நிக்குது, யாரோ கத்தியால நறுக்கின மாதிரி.

காரணம் சாய்வு. மைரா கியாவென்னா ஊருக்கு வர்றப்பவே, 30 கிலோமீட்டர் சொச்சத்துல, 333 மீட்டர் உயரத்துக்கு இறங்கிடுது. இன் அதே உயரத்துக்கு இறங்கணும்னா 400 கிலோமீட்டருக்கு மேல ஓடி ஜெர்மனி பார்டருக்கு வரணும். செங்குத்தா ஓடுற தண்ணிக்கு அரிக்கிற பலம் ஜாஸ்தி, அதனால மைரா கீழ மட்டும் தோண்டாம பின்னாடி பின்னாடி அரிச்சிட்டே மேல ஏறி, இன்னோட தலைமாட்டுல இருந்த ஓடைகளையே தன் பக்கம் இழுத்துக்கிச்சு. சாட்சி இன்னும் அங்கயே இருக்கு: ஃபோர்னோ பனியாத்துலேந்து வர்ற ஓர்லேன்யா ஓடை, நேரா இன் பள்ளத்தாக்கைப் பாத்துதான் வருது, மலோயா கிட்ட வந்ததும் மனசு மாறின மாதிரி திரும்பி இத்தாலி பக்கம் விழுந்துடுது.

தலை போனாலும் இன் இளைக்கல, வழில துணையாறுங்க ஊட்டி வளத்துடுதுங்க. இத்தாலில இருக்கிற லிவின்யோ ஊர்த் தண்ணி கூட ஸ்போல் ஆறா சுவிஸ்குள்ள வந்து இதுலதான் சேருது. அப்புறம் ஓட்ஸ்டால் ஆறு, சில், சில்லர், கடைசில எல்லாத்துலயும் பெருசான சால்சாக், சால்ஸ்புர்க் நகரம் வழியா மொத்தம் 225 கிலோமீட்டர் ஓடி வர்றது.

இதுல ஓட்ஸ்டால் மாதிரி பனியாத்துத் தண்ணிய கோடைல பாக்கணும். காலைல கம்மியா போகும், வெயில் ஏறி பனி உருகி சாயங்காலம் பாத்தா பொங்கிட்டு வரும், நெறம் அப்படியே அரிசி கழுவின தண்ணி. பனிப்பாளம் நகர்றப்ப அடில இருக்கிற பாறைய மாவா அரைச்சிடுது, அந்த மாவு அவ்ளோ நைஸ், படியாம மிதந்துட்டே வரும். அது நூத்துக்கணக்கான கிலோமீட்டர் வந்தும் பாசாவ்ல இன்னை வெளிறின பச்சையா காட்டுது.

பாசாவ்ல மூணு ஆறு கூடுது. சதுப்பு நிலத்துலேந்து கருப்பா வர்ற சின்ன இல்ஸ், நடுவுல டானூப், இந்தப் பக்கம் பச்சை இன். மேலேந்து எடுத்த போட்டோ பாத்தா பச்சைதான் முக்கால்வாசி இடத்தை அடைச்சிட்டு நிக்கும், ஏன்னா இன் ஆழம் கம்மி, அகலம் ஜாஸ்தி, டானூப் மேல பரவிடுது. தண்ணி அளவும் அப்படித்தான், வருஷ சராசரில இன் வினாடிக்கு சுமார் 740 கன மீட்டர், டானூப் சுமார் 690. பெரிய ஆறு எதுன்னு பாத்தா இன்தான், ஆனா அங்கேந்து கருங்கடல் வரைக்கும் பேர் டானூப்!

டானூப் பக்கமும் நியாயம் இல்லாம இல்ல, அதுவரைக்கும் அது ஓடி வந்த தூரம் அதிகம், தண்ணி வர்ற நிலப்பரப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதோட இன்னோட தண்ணி வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஜூன், ஜூலைல பனி உருகுறப்ப அதுக்கு ஈடே கிடையாது, டிசம்பர் ஜனவரில மலை மேல எல்லாம் உறைஞ்சு கெடக்கிறப்ப இன் இளைச்சுப் போயிடும், அப்ப பாசாவ்ல டானூப்தான் பெருசு.