பணம் வந்ததாகச் சொல்வது யார்?

"சின்னதாக ஓர் இணையக் கடை போடுகிறேன். ஆன்லைனில் பணம் வாங்க எந்த வழி நல்லது? கமிஷன் எதில் குறைவு?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கமிஷன் கதை சுருக்கமானது. பேமென்ட் கேட்வேக்கள், அதாவது வாடிக்கையாளரிடம் பணம் வாங்கி உங்களிடம் சேர்க்கும் இடைச் சேவைகள், தொகையில் இத்தனை சதவீதம் என்று எடுக்கும். சில, அதற்கு மேல் ஆர்டருக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணமும் பிடிக்கும். விலை குறைந்த பொருள் விற்பவரைக் கடிப்பது இந்த இரண்டாவதுதான். உங்கள் சராசரி ஆர்டர் தொகையைப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அதைவிடப் பெரிய கேள்வி, வாடிக்கையாளரின் கார்டு எண் யாருடைய சர்வருக்குப் போகிறது என்பது. உங்கள் தளத்திலேயே எண்ணை வாங்கினால், 2004இல் கார்டு நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த பிசிஐ டிஎஸ்எஸ் பாதுகாப்பு விதிகள் ஏறக்குறைய முழுவதும் உங்கள் தலையில் விழும். கேட்வேயின் பக்கத்துக்கே ஆளை அனுப்பிவிட்டால் சுமையில் பெரும்பகுதி அவர்களுடையது. ஓரிருவர் நடத்தும் கடைக்கு இரண்டாவதே போதும். "எங்கள் தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே" என்பவர்களுக்கு: வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மோசடித் தளத்திலும் அது இருக்கும். பூட்டு இருந்தால் தளமே நம்பகமானது என்று படித்தவர்களிடமும் புழங்கும் இந்த மூடநம்பிக்கையால்தான் குரோம் உலாவி 2023இல் அந்தப் படத்தையே மாற்றியது.

சரி, பணம் வேறிடத்தில் கட்டப்படுகிறது. கட்டியாயிற்று என்று உங்கள் கடைக்கு எப்படித் தெரியும்? "நன்றி" பக்கத்துக்கு ஆள் திரும்பி வந்தார் என்பது சான்றே ஆகாது. அந்த முகவரியை யாரும் கையால் தட்டலாம். அதனால் கேட்வேயின் சர்வரே உங்கள் சர்வருக்கு நேராகச் செய்தி அனுப்புகிறது: "ஆர்டர் 1042, தொகை 500, வந்தது." இதுதான் வெப்ஹூக். ஆனால் இதே செய்தியைத் திருடனும் அனுப்பலாமே?

இங்கேதான் எனக்குப் பிடித்த வித்தை வருகிறது. கேட்வேக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சாவி உண்டு. செய்தியையும் சாவியையும் சேர்த்து எஸ்எச்ஏ-256 என்ற ஹேஷ் சார்பில் (எவ்வளவு நீளச் செய்தியையும் கலக்கி ஒரே நீள எண்ணாக்கும் கணக்கு) போட்டால் 256 பிட், அதாவது 256 பூஜ்ய-ஒன்றுகள், நீளமுள்ள ஒரு முத்திரை வரும். 500ஐ 501 ஆக்கிப் பாருங்கள்: அந்தப் பிட்களில் ஏறக்குறையப் பாதி புரண்டுவிடும். முத்திரையிலிருந்து சாவியைத் தோண்டி எடுக்கவும் வழியில்லை. நீங்களும் அதே கணக்கைப் போட்டு, வந்த முத்திரையோடு ஒப்பிட்டால் போதும்.

ஆனால் சாவியை எப்படிச் சேர்ப்பது என்பதும் முக்கியம். அதைச் செய்திக்கு முன்னால் ஒட்டி ஒரே தடவை ஹேஷ் செய்தால் என்ன? அதில் ஓர் ஓட்டை. எஸ்எச்ஏ-256 செய்தியை 64 பைட் துண்டுகளாக விழுங்குகிறது. கடைசித் துண்டு முடிந்ததும் அதன் உள்நிலை (அதுவரை போட்ட கணக்கின் விடை) என்னவோ அதுவே விடையாக வெளியே வருகிறது. ஆக, முத்திரையைப் பார்த்தவன் சாவி தெரியாமலே விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடரலாம். ரயிலின் கடைசியில் இன்னொரு பெட்டியைக் கோப்பதுபோல, செய்தியின் வாலில் தனக்கு வேண்டியதைச் சேர்த்து அதற்கும் சரியான முத்திரை குத்திவிடலாம். பெல்லாரே, கனெட்டி, கிராவ்சிக் என்ற மூன்று குறியாக்க ஆய்வாளர்கள் 1996இல் முன்வைத்த எச்மேக் என்ற முறை இதை அழகாக அடைக்கிறது. சாவியின் ஒரு வடிவத்தைச் சேர்த்து உள்ளே ஒரு ஹேஷ். அந்த விடையோடு சாவியின் இன்னொரு வடிவத்தைச் சேர்த்து வெளியே இன்னொரு ஹேஷ். உள்ளே வந்த விடை வெளியே தெரிவதே இல்லை. திருடனுக்குத் தொடர இடமில்லை. முறை முழுவதும் பகிரங்கம், யாரும் படிக்கலாம். ரகசியம் சாவி மட்டுமே. "எங்கள் பாதுகாப்பு முறையை வெளியில் சொல்ல மாட்டோம்" என்று பெருமையடிக்கும் சேவையை நான் நம்ப மாட்டேன்.

கேட்வே தேர்ந்தெடுக்கும்போது அதன் வெப்ஹூக் விளக்கப் பக்கத்தைப் படியுங்கள். முத்திரை உண்டா? முத்திரையிடும் செய்திக்குள் நேரமும் இருக்கிறதா? இல்லாவிட்டால் பழைய செய்தியைப் பிடித்துவைத்து மறுபடி அனுப்பலாம். சரிபார்ப்பதும் வந்த பைட்களின் மேல் அப்படியே நடக்க வேண்டும். நிரல் செய்தியைப் பிரித்து மறுபடி கோத்ததில் ஓர் இடைவெளி கூடினாலும் முத்திரை பொருந்தாது. உங்கள் சர்வரிடமிருந்து பதில் கிடைக்காவிட்டால் பல கேட்வேக்கள் அதே செய்தியைத் திரும்ப அனுப்பும்; அதன் அடையாள எண்ணைக் குறித்துவைக்காத கடை ஒரே ஆர்டருக்கு இரண்டு பார்சல் அனுப்பும்.