பெரியவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

ஓய்வு பெறும் வயதில் ஒரு போலீஸ்காரர், சீருடையின் மடிப்புக் கலையாத ஓர் இளைஞன். இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றிவிட்டால் பாதிப் படம் தயார். வரிசையாகப் பத்து வண்டிகளைப் போகவிட்டுப் பதினோராவது லாரியைப் பெரியவர் ஓரங்கட்டச் சொல்வார். உள்ளே கடத்தல் சரக்கு இருக்கும். "எப்படி சார்?" என்பான் இளையவன். "தெரியும் தம்பி" என்பார், அவ்வளவுதான். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பாலக்காட்டு எல்லையில் சோதனைச் சாவடிகளைத் தாண்டித்தான் எங்களுக்கு எந்த ஊருக்கும் வழி. ஜி.எஸ்.டி. வந்த 2017இல் வணிகவரிச் சாவடிகள் போனாலும், ஸ்பிரிட் கேன்களும் ரேஷன் அரிசியும் பிடிபட்ட செய்திகள் நிற்கவில்லை. ஆகவே அந்தத் 'தெரியும்' என்ற சொல் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மிகையாகப் படாது.

அதில் பாதி உண்மை. காலி லாரியின் பின்சக்கரத்துக்கு மேலே பாருங்கள்: ஸ்பிரிங் பட்டைகள் வில்லாக வளைந்து நிற்கும். பாரம் ஏறினால் அவை நிமிர்ந்து தட்டையாகும். டயரின் அடிப்பக்கம் பிதுங்கும். வேகத்தடையில் காலி வண்டி தடதடவென்று துள்ளும், பாரவண்டி அமுங்கி மெல்ல எழும். ஒரே ஸ்பிரிங்கின் மேல் நிறை 4 மடங்கானால், அது ஆடும் வேகம் பாதியாகிவிடும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். 'காலி வண்டி' என்று டிரைவர் சொல்லும் லாரி பாரவண்டிபோல ஆடினால், பெரியவரின் கண்ணில் அது உறுத்துகிறது. சூத்திரம் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான வண்டிகள் அதே தடையில் ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறார், அது போதும்.

1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சதுரங்கப் பலகையில் சோதித்தார்கள். ஆட்டத்தின் நடுவிலிருக்கும் பலகையை 5 விநாடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிடப் பல மடங்கு காய்களைச் சரியான கட்டத்தில் திரும்ப வைத்தார். காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டியபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்தே போனது. அதாவது அவருடைய நினைவாற்றல் தனிச்சிறப்புடையது அல்ல. பழகிய அமைப்புகளைத்தான் அவர் மொத்தமாக அடையாளம் காண்கிறார்.

இந்தத் திறமை வளர இரண்டு தேவை என்று டேனியல் கானமன், கேரி கிளைன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2009இல் எழுதினார்கள். சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். கணிப்பு சரியா தவறா என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும். தார்ப்பாயை விலக்கினால் விடை தெரிந்துவிடுகிற லாரியில் இரண்டும் உண்டு.

மனித முகத்தில் இரண்டும் இல்லை. படத்தின் பெரியவர் டிரைவரின் கண்ணை உற்றுப் பார்த்து "பொய் சொல்கிறான்" என்பாரே, அது வெறும் சினிமா. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, பொய்யையும் மெய்யையும் மக்கள் பிரித்தறியும் துல்லியம் சராசரியாக 54 சதவீதம். நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல். அனுபவமுள்ளவர்களும் இதில் பெரிதாக மேம்படவில்லை. உண்மையான, பொய்யான வாக்குமூலங்களைப் பிரிக்கச் சொன்ன 2005ஆம் ஆண்டுச் சோதனையிலோ கல்லூரி மாணவர்கள் போலீஸாரை மிஞ்சினார்கள். தன்னம்பிக்கையில் மட்டும் போலீஸார் முந்தினார்கள்.

படம் காட்டாத இன்னொன்று, வண்டி விஷயத்திலும் பெரியவர் கோட்டைவிடுவார் என்பது. பார்வையை ஆராயும் உளவியலாளர் ஜெரமி வுல்ஃப் குழுவினர் 2005இல் திரையில் பொருள்களைத் தேடச் சொன்னார்கள். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 சதவீதம் தவறவிடப்பட்டது. நூற்றில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். அரிதாக வருவதை மூளை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சீக்கிரமே "இல்லை" என்று முடித்துக்கொள்கிறது. சாவடியைக் கடக்கும் லாரிகளில் பெரும்பாலானவை யோக்கியமானவை என்பதுதான் பெரியவருக்குச் சிக்கல். விமான நிலையங்களில் இதைச் சமாளிக்க, எக்ஸ்ரே திரையில் அவ்வப்போது போலித் துப்பாக்கிப் படங்களைச் செருகிப் பணியாளர்களை விழிப்போடு வைக்கிறார்கள். சாவடியில் இதைச் செய்ய வேண்டுமானால் துறையே ரகசிய அறை வைத்த லாரியை நள்ளிரவில் அனுப்ப வேண்டும். அதை ஓட்டிவர டிரைவர் கிடைப்பாரா என்பது வேறு விஷயம்.