கேட்காமல் போடும் மதிப்பெண்: கவுன்சலிங் மாணவர்களின் செய்முறைத் திறனை மதிப்பிடுதல்

கவுன்சலிங்கில் பட்டமோ சான்றிதழோ பெற்று வெளியே வரும் ஒருவர், பயிற்சிக் காலத்தில் ஒரு முழு அமர்வையாவது அனுபவமுள்ள ஒருவரின் கவனிப்பில் நடத்திக் காட்டியிருப்பார் என்றுதான் அவரை நாடி வருபவர் இயல்பாக நம்புவார். பல பயிற்சித் திட்டங்களில் அப்படி நடப்பதில்லை. எழுத்துத் தேர்வு, மாணவர் தன் அமர்வுகளைப் பற்றி எழுதிக் கொடுக்கும் கேஸ் ரெக்கார்டு, சில நிமிட வாய்மொழித் தேர்வு, மேற்பார்வையாளர் மனத்தில் பதிந்திருக்கும் பொதுவான அபிப்பிராயம் ஆகியவற்றைக் கூட்டிச் 'செய்முறை' என்ற தலைப்பின் கீழ் ஒரு மதிப்பெண் போடப்படுகிறது. ஆலோசனை அறையில் மாணவர் பேசிய ஒரு வாக்கியத்தைக்கூட யாரும் கேட்காமலேயே அந்த மதிப்பெண்ணைப் போட்டுவிட முடிகிறது. பயிற்சியளிப்பதையும் மேற்பார்வை செய்வதையும் தொழிலாகக் கொண்டிருக்கும் எனக்கு, இந்தத் துறையில் மிகவும் கவலை தருவது இதுதான்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் தொழில்திறனை நான்கு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார்: ஒன்றை அறிந்திருத்தல், அதை எப்படிச் செய்வது என்று அறிந்திருத்தல், செய்து காட்டுதல், அன்றாடப் பணியில் செய்தல். எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் முதல் இரண்டு அடுக்குகளைத் தாண்டுவதில்லை. பிறர் உணர்வை அவர் நிலையிலிருந்து புரிந்துகொள்ளும் ஒத்துணர்வைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தெளிவாக எழுதும் மாணவர், எதிரே இருப்பவர் அழத் தொடங்கியதும் அவசரமாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவது பயிற்சியாளர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சிதான். அவருக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்ததைச் செய்ய அந்த நொடியில் அவரால் முடியவில்லை. எந்த விடைத்தாளும் இதைக் காட்டிக்கொடுக்காது.

கேஸ் ரெக்கார்டிலும் இதே குறை உண்டு. மாணவர் பொய் எழுதுகிறார் என்பதல்ல என் வாதம். நாம் பேசியதை நினைவு தன் வசதிக்கேற்பச் சீர்படுத்திவிடுகிறது. தடுமாறிய இடங்கள் மறைந்து, நன்றாக அமைந்த இடங்கள் நிற்கின்றன. அனுபவம் மிக்கவர்களும் இதற்கு விலக்கல்லர். ஸ்டீவன் வால்ஃபிஷும் உடன் பணியாற்றியவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மனநலத் துறையில் பணிபுரியும் 129 பேரிடம் தங்கள் திறனைச் சக பணியாளர்களோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி கேட்டார்கள். அவர்களில் கால்வாசிப் பேர் தாங்கள் முதல் 10 சதவீதத்துக்குள் வருவதாகச் சொன்னார்கள். சராசரிக்குக் கீழே இருப்பதாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. பணியில் ஊறியவர்களின் சுயமதிப்பீடே இப்படி இருக்கும்போது, மாணவரின் எழுத்தை மட்டும் நம்பி அவருடைய திறனைக் கணிப்பது நியாயமாகாது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, ஒருவருடைய எட்டு அமர்வுகளைச் சொல்லுக்குச் சொல் எழுதி 1942இல் வெளியிட்டார். அன்றைய கருவிகளைக் கொண்டு அவரால் முடிந்தது, கைக்குள் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கும் இந்தக் காலத்தில் நடக்காமலிருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

நேரடியாகக் கேட்டால் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்வோம். இது பயிற்சிக்காகக் கற்பனையாக அமைத்த உரையாடல். நாடி வருபவராக நடிப்பவர் சொல்கிறார்: "அப்பா போய் ஆறு மாசம் ஆச்சு. நான்தான் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டேன். எல்லாரும் நீ ரொம்ப தைரியசாலின்னு சொல்றாங்க." கடைசி வாக்கியத்தில் குரல் இறங்குகிறது, பார்வை விரல்களுக்குப் போகிறது.

முதல் மாணவர், "அது பெரிய விஷயம்தானே, உங்க தைரியத்தை நீங்களே பாராட்டிக்கணும்" என்கிறார். இரண்டாமவர், "அப்பா இறந்ததால நீங்க சோகமா உணர்றீங்க" என்கிறார். மூன்றாமவர் சற்றுத் தயங்கி, சொல் தேடி, "எல்லாரும் சொல்லச் சொல்ல... தைரியமா இருந்தே ஆகணும்ங்கிற மாதிரி ஆயிடுச்சோ?" என்று கேட்கிறார்.

முதல் பதில் அன்பானதுதான். ஆனாலும் எந்தச் சுமையைப் பற்றி அவர் பேசத் தொடங்கினாரோ அந்தச் சுமையையே அது மறுபடி அவர் தலையில் ஏற்றிவைக்கிறது. இரண்டாவது பதில் மதிப்பீட்டுப் படிவத்தின் 'உணர்வைப் பிரதிபலித்தல்' என்ற கட்டத்தில் டிக் வாங்கிவிடும். ஆனால் அதில், நாடி வந்திருப்பவரின் குரல் இறங்கியதற்கு இடமே இல்லை. தந்தையை இழந்த யாரிடமும் அப்படியே சொல்லக்கூடிய வாக்கியம் அது. மூன்றாவது பதில் திக்கித் திணறி வந்தது, இலக்கணமாகக்கூட அமையவில்லை. ஆனால் அதைக் கேட்டபின் நாடி வந்தவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "நான் இன்னும் ஒரு நாள்கூட அழலை" என்கிறார். சரளத்துக்கு மதிப்பெண் போடும் தாளில் மூன்றாமவர் கடைசியாக வருவார். ஆகவே ஒரு பதிலின் தரத்தை அதைக் கேட்டு நாடி வந்தவர் அடுத்துப் பேசிய வாக்கியத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதை நான் விடாமல் வலியுறுத்துகிறேன். மாணவர் பேசியதை மட்டும் தனியே பிரித்து மதிப்பிடும் படிவங்கள் பாதி வேலையைத்தான் செய்கின்றன.

படிவத்தில் 'ஒத்துணர்வு: சிறப்பு / நன்று / சுமார்' என்று மூன்று கட்டம் போட்டுவிட்டால் அளவுகோல் ஆகிவிடாது. ஒவ்வொரு படியிலும் மதிப்பீட்டாளர் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். 1960களின் இறுதியில் ராபர்ட் கார்கஃப் அமைத்த ஐந்து படி அளவுகோல் இதற்கு ஒரு முன்னோடி: ஆலோசகரின் பதில், நாடி வந்தவர் சொன்னதைக் காட்டிலும் குறைந்து நிற்கிறதா, அதற்கு ஈடாக நிற்கிறதா, அவர் சொல்லாமல் விட்டதையும் தொடுகிறதா என்று அது பார்த்தது. எண்ணப் போக்கை மாற்றி மனச் சிக்கலைக் குறைக்க முயலும் அறிதிறன் சிகிச்சைக்காக ஜெஃப்ரி யங்கும் ஆரன் பெக்கும் உருவாக்கிய அளவுகோலில் 11 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 66. அதில் 40 பெற்றால் தகுதி உண்டு என்பது பரவலாகக் கையாளப்படும் எல்லை. இத்தகைய அளவுகோல்களை எடுத்துக்கொள்வது எளிது. எல்லா ஆசிரியர்களும் ஒரே பொருளில் கையாளும்படி செய்வதுதான் பாடு.

ஏனென்றால் மதிப்பிடுபவரும் மனிதர்தான். ஒருவரிடம் ஒரு நற்பண்பைக் கண்டுவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் அவரை உயர்த்தி மதிப்பிடும் பழக்கத்தை உளவியலாளர் எட்வர்ட் தோர்ண்டைக் 1920இலேயே சுட்டிக்காட்டினார். எங்கள் துறையில் இது கனிவான முகமும் இதமான குரலும் கொண்ட மாணவருக்குச் சாதகமாகவும், கூச்ச சுபாவமுள்ள மாணவருக்குப் பாதகமாகவும் வேலை செய்கிறது. இதைத் தடுக்க எளிய ஏற்பாடு உண்டு. ஒரே பதிவை இருவர் தனித்தனியாகக் கேட்டு, ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் அறியாமல் எழுதி முடித்த பிறகே பேச வேண்டும். அந்த மாணவரின் மேற்பார்வையாளர் இந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது. மாதக்கணக்கில் மாணவரைத் தாங்கிப் பிடித்து வளர்த்தவரே தேறவில்லை என்று அவரை நிறுத்தவும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்த மேற்பார்வையாளருக்குச் செய்யும் அநியாயமும்கூட. ஆண்டுத் தொடக்கத்தில் எல்லா மதிப்பீட்டாளர்களும் உட்கார்ந்து, பழைய பதிவுகள் சிலவற்றுக்கு மதிப்பெண் போட்டு, வேறுபட்ட இடங்களில் சண்டையிட்டுத் தெளிவது நல்லது. அந்தச் சண்டையில் நேரம் வீணாவதாகத் தோன்றும், வீணாவதில்லை.

வகுப்புத் தோழர்கள் ஒருவருக்கொருவர் நடிக்கும் ரோல் பிளே கற்பதற்கு ஏற்றது, மதிப்பிடுவதற்கு ஏற்றதல்ல. நண்பர் திணறுகிறார் என்று தெரிந்தால் நாடி வருபவராக நடிப்பவர் தானாகவே கதையைக் கொட்டிவிடுவார். அதோடு, தன் சொந்த வாழ்க்கைத் துயரத்தையே நடிப்புக்கு எடுத்துக்கொண்டு வகுப்பின் முன் உடைந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது. மதிப்பீட்டுக்கு, எழுதிய பாத்திரத்தை ஏற்று எல்லா மாணவர்களிடமும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர் தேவை. மருத்துவக் கல்வியில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய, நிலையம் நிலையமாக மாணவர் நகர்ந்து செல்லும் தேர்வுமுறை இதற்கு வழிகாட்டினாலும், அதன் ஐந்து, பத்து நிமிட அளவு நமக்குப் போதாது. அந்நேரத்தில் அறிமுகம்தான் முடிந்திருக்கும். குறைந்தது இருபது நிமிடத் தொடர்ச்சி வேண்டும். உண்மையான அமர்வின் பதிவாக இருந்தால், எந்த இருபது நிமிடம் என்பதை மதிப்பீட்டாளர் தேர்ந்தெடுக்க வேண்டும். தன் சிறந்த பகுதியை மாணவர் கொண்டுவருவது பயனுள்ள பயிற்சி, தேர்வு ஆகாது.

கூட்டல் கணக்கில் அடங்காத ஒரு திறன் உண்டு. தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கும் திறன் அது. பல மாணவர்கள், "தப்பான எண்ணம் எல்லாம் ஒண்ணும் வரலையே?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி 'இல்லை' என்ற பதிலைக் கெஞ்சி வாங்குகிறது. கேட்பவருக்கு உண்மையைத் தாங்கும் தெம்பு இல்லை என்பதையும் வந்தவருக்கு உணர்த்திவிடுகிறது. "சில நேரம் வாழ்க்கை வேண்டாம்னு தோணும்போது, தற்கொலை செஞ்சுக்கணும்னு நினைச்சதுண்டா?" என்று நேராகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. 'ஆம்' என்று பதில் வந்தால், திட்டம் ஏதும் உண்டா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, இன்றிரவு உடன் யார் இருப்பார்கள் என்று தொடர்ந்து கேட்டு, மேற்பார்வையாளருக்கு உடனே தெரிவிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பகுதியில் தவறியவர், மற்ற பகுதிகளில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் எடுத்திருந்தாலும் தேர்ச்சி பெற்றவராகக் கருதப்படக் கூடாது. சராசரி பார்க்கும் முறைக்கு இங்கே இடமில்லை.

பதிவு செய்வதற்கு வந்தவரின் ஒப்புதல் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுத்தால் தனக்குக் கிடைக்கும் உதவி குறையாது என்று அவர் உண்மையாகவே நம்பினால்தான் அந்த ஒப்புதலுக்குப் பொருள் உண்டு. யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மாணவரின் சொந்த கைபேசியில் பதிவு தங்கவே கூடாது. இவ்வளவுதான்; இதைக் காரணம் காட்டிப் பதிவு செய்வதையே கைவிடும் திட்டங்களின் அக்கறையை நான் முழுமையாக நம்புவதில்லை.

மதிப்பெண்ணில் ஒரு பங்கு, மாணவர் தன் அமர்வை எவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறார் என்பதற்கும் போக வேண்டும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன் 1960களில் உருவாக்கிய முறையில், பதிவை ஓடவிட்டு, மாணவர் விரும்பும் இடத்தில் நிறுத்தி, அந்த நேரத்தில் தன் மனத்தில் ஓடியதைச் சொல்வார். "இங்கே நான் பயந்துபோய்க் கேள்வியை மாற்றிட்டேன்" என்று தானே நிறுத்திச் சொல்லும் மாணவர், பிழையற்ற அமர்வை நடத்திவிட்டு ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கத் தெரியாதவரைவிட என் கணிப்பில் மேலானவர்.

பயிற்சி மணிநேரங்களை எண்ணுவது வேறு, திறனை அறிவது வேறு. அமெரிக்காவில் கவுன்சலிங் படிப்புகளை அங்கீகரிக்கும் காக்ரெப் அமைப்பு, முதற்கட்டப் பயிற்சிக்கு 100 மணி நேரமும் அதில் 40 மணி நேரம் நேரடிச் சந்திப்பும், அடுத்த கட்டத்துக்கு 600 மணி நேரமும் அதில் 240 மணி நேரம் நேரடிச் சந்திப்பும் கேட்கிறது. இந்த எண்களைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். முதற்கட்டப் பயிற்சியின் மேற்பார்வையில் அமர்வுகளின் பதிவுகளோ நேரடிக் கவனிப்போ இடம்பெற வேண்டும் என்று அதே விதிகள் கேட்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

முதல் மதிப்பீடு பயிற்சியின் பாதிக்கு முன்பே நடந்தால்தான் பின்தங்கிய மாணவருக்கு வழி இருக்கும். எந்தத் திறன், எந்தப் பதிவின் எந்த இடம், எத்தனை வாரத்துக்குள் என்ன மாற்றம் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து மறு மதிப்பீடு நடத்த வேண்டும். இறுதி மாதத்தில் 'உங்களுக்கு இது ஒத்துவராது' என்று சொல்வது, இவ்வளவு நாள் கேட்காமலிருந்த ஆசிரியர்களின் குறையை மாணவர் மீது சுமத்துவதாகும். இந்தப் படிப்பில் சேர எண்ணுபவர்கள், என் அமர்வுகளில் எத்தனையை முழுமையாகக் கேட்பீர்கள், கேட்பவர் யார், இரண்டாவது மதிப்பீட்டாளர் உண்டா, தேறாவிட்டால் என்ன ஏற்பாடு என்று சேர்வதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். பதில் மழுப்பலாக வந்தால், கட்டணம் கட்டுவதற்கு முன் வேறு இரண்டு நிறுவனங்களிலாவது இதே கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.