வயது வந்த பிறகு ஆட்டிசம் பரிசோதனை: எதற்காகப் போகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

முப்பது, நாற்பது வயதில் "எனக்கு ஆட்டிசம் இருக்குமோ" என்ற சந்தேகம் வந்தவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, தங்களுக்கு எந்தத் தாள் வேண்டும் என்பதை. மனநல மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ பரிசோதித்துத் தரும் அறிக்கை ஒன்று. அரசு மருத்துவக் குழு தரும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் இன்னொன்று. தனியாரிடம் ஆயிரக்கணக்கில் செலவழித்து அறிக்கை வாங்கிவிட்டு, அதைக் காட்டினால் சலுகை கிடைக்கும் என்று நம்பி அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கிடைக்காது. அரசுச் சலுகைக்குச் செல்லுபடியாவது சான்றிதழ் மட்டும்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தை 21 மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு என்று இருக்க வேண்டும். சட்டத்தில் வயது வரம்பு இல்லை. "பதினெட்டு தாண்டினால் ஆட்டிசத்துக்குக் கிடையாதுங்க" என்று கவுன்டரில் யாராவது சொன்னால், எந்த விதி என்று கேளுங்கள்.

சரி, யாருக்கு எது வேண்டும்? ஏன் இத்தனை வருடம் கூட்டத்தில் களைத்துப்போனேன், ஏன் வேலைகள் நிலைக்கவில்லை என்று தன்னைப் புரிந்துகொள்ள நினைப்பவருக்கு அறிக்கையே போதும். தனியார் வேலையில் மேலாளரிடம் அமைதியான இடமோ, எழுத்தில் தரும் அறிவுறுத்தலோ கேட்கவும் பல நேரம் அதுவே போதும். அரசு வேலையில் இட ஒதுக்கீடு, வயதுத் தளர்வு, தேர்வில் கூடுதல் நேரம், கல்லூரியில் 5 சதவீத ஒதுக்கீடு, வருமான வரிக் கழிவு, இவற்றில் ஏதாவது வேண்டும் என்றால் மட்டும் மருத்துவக் குழு முன்னால் போய் நில்லுங்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று போகிற இடம் அல்ல அது.

ஏனென்றால் அங்கே உங்களை அளக்கும் கருவி குழந்தைகளை மனதில் வைத்துச் செய்தது. ஐசா என்ற இந்திய ஆட்டிச அளவீட்டில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 வந்தால்தான் ஆட்டிசம் என்றே கணக்கு. அந்த 70-தான் 40 சதவீதம். கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, தனியாக ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுகிறாரா என்று போகும் கேள்விகள். முப்பத்து நான்கு வயது கணக்கர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். அவர் மருத்துவரின் புருவத்துக்கு நடுவே பார்த்தபடி பதில் சொன்னார். பள்ளியில் அடி வாங்கிப் பழகிய வழி அது. "கண்ணைப் பார்த்துதானே பேசுறீங்க" என்று சொல்லி அந்தக் கேள்விக்குக் குறைந்தபட்ச மதிப்பெண்ணான 1 போட்டார்கள். பிறகு அவருடைய அம்மாவிடம் கேட்டார்கள். "சின்ன வயசுல ரொம்ப சமத்து டாக்டர், ஒரு தொந்தரவும் குடுக்கல." அந்த ஒரு வரியில் பாதி மதிப்பெண் போயிற்று. ஐந்து வயது வரை மூன்று சாப்பாட்டு வகைகளைத் தவிர எதையும் வாயில் வைக்காத பிள்ளை, மிக்சி போட்டால் கட்டிலுக்கடியில் ஒளிந்த பிள்ளை. அதையெல்லாம் அம்மா குறையாகச் சொல்ல விரும்பவில்லை.

இதனால்தான் சொல்கிறேன்: கூட வருபவரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். மகனையோ மகளையோ விட்டுக்கொடுக்காமல் பேசும் இடம் இது அல்ல என்று புரியவையுங்கள். பொய் வேண்டாம், மறைக்காமல் இருந்தால் போதும். பேச்சு எப்போது வந்தது, யாருடன் விளையாடினார், எதற்கு அழுதார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பழைய ரேங்க் கார்டில் "வகுப்பில் யாருடனும் சேருவதில்லை" என்று டீச்சர் எழுதியிருந்தால் அதன் நகல் தங்கம். நீங்களும் உங்கள் நல்ல நாளை வைத்துப் பதில் சொல்லாதீர்கள். வேலை முடிந்து வந்து இருட்டறையில் இரண்டு மணி நேரம் படுத்துக் கிடப்பதைச் சொல்லுங்கள்.

தனியார் அறிக்கை வாங்கும்போது, எழுதுபவர் மனநல மருத்துவரா, இல்லையென்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்று முதலில் பாருங்கள். கவுன்சிலிங் மட்டும் தருபவர் கையெழுத்திட்ட கடிதத்தைக் குழு திருப்பிக்கூடப் பார்க்காது. ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அதைக் காட்டிப் பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். "கல்யாணம் ஆயிடுச்சு, வேலைக்குப் போறீங்க, உங்களுக்கென்ன ஆட்டிசம்" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பும் மருத்துவரிடமிருந்தும்தான். பெண்களுக்கு இது அதிகம் நடக்கிறது. பதற்றம், மன அழுத்தம் என்று மாத்திரையோடு அனுப்பப்பட்டு வருடக்கணக்கில் ஓடிவிடுகிறது.

சான்றிதழுக்கு விண்ணப்பம் இப்போது யூ.டி.ஐ.டி. என்ற மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இணையதளம் வழியாகத்தான். முகவரிச் சான்றில் எந்த மாவட்டம் இருக்கிறதோ பெரும்பாலும் அங்கேதான் அலைய வேண்டிவரும். சென்னையில் வேலை, முகவரி தேனி என்றால் முதலில் முகவரியைச் சரிசெய்யுங்கள். 2024 திருத்த விதிப்படி மூன்று மாதத்துக்குள் முடிவு தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "அடுத்த மாசம் வாங்க" என்பது மறுப்பு அல்ல, ஆனால் அது மேல்முறையீட்டையும் தடுத்துவிடுகிறது. சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யக் கையில் எழுத்து வேண்டும்.

சான்றிதழ் வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். ஆட்டிசம் என்ற இடத்தில் மனநோய் அல்லது அறிவுசார் குறைபாடு என்று சில நேரம் போட்டுத் தருகிறார்கள். அரசுப் பணியிடப் பட்டியலில் வகைவாரியாகத்தான் இடம் இருக்கிறது; தவறான வகையோடு விண்ணப்பித்தால் தேர்ச்சி பெற்ற பிறகும் நிராகரிக்கலாம்.

சான்றிதழ் இருந்தால் வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு, பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பழைய வரி முறையில் மட்டும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் நிறுவனம் புதிய முறையில் வரி பிடிக்கும். காப்பீடு இன்னும் எடுக்கவில்லை என்றால் பரிசோதனைக்கு முன் யோசியுங்கள்: ஆட்டிசம் என்று உறுதியான பிறகு பாலிசி விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் கிளைம் நேரத்தில் பிரச்சினை.

கடைசியாக வங்கி. ஆட்டிசம் என்று சான்றிதழைக் காட்டினால் "பாதுகாவலர் சான்று கொண்டு வாங்க" என்று சில கிளைகளில் கேட்கிறார்கள். உங்கள் பணத்தை நீங்களே கையாளும் உரிமையைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தருகிறது. பாதுகாவலர் தேவைப்படாதவர் அவசரத்துக்காக அந்தச் சான்றை வாங்கிவிட்டால், பிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும் இன்னொருவரைக் கூட்டிப் போக நேரிடும். கிளையில் சான்றிதழைக் காட்ட வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை, காட்டாதீர்கள்.