மணியக்காரர் எழுதிய காய்ச்சல்

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் மருத்துவ முகாம். சர்க்கரை அளவு பார்க்க வந்த ஓர் அம்மா, பேச்சோடு பேச்சாகத் தன் மகன் போய்ச் சேர்ந்ததைச் சொன்னார். ராகி அறுப்பு முடிந்த அலுப்பில் தரையில் பாயை விரித்துப் படுத்திருக்கிறான். விடியற்காலை வயிற்றைப் பிசைகிறது என்று எழுந்தவன், கொஞ்ச நேரத்தில் "கண்ணைத் தொறக்க முடியலம்மா" என்றானாம். வண்டி வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. "வூட்லயே செத்ததுக்கு என்னத்த எழுதறது சார்? மாரடைப்புன்னு போட்டுட்டாங்க."

கேட்டதும் எனக்குக் கட்டுவிரியன்தான் நினைவுக்கு வந்தது. அதன் பல் மிகச் சிறியது. தூக்கத்தில் கடித்தால் வலியும் தெரியாது, தடமும் தெரியாது. முதலில் வயிற்றுவலி, அப்புறம் இமை தொங்கும், கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிடச் சோதனை கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடிக்குத்தான் கைகொடுக்கும். கட்டுவிரியன் கடித்தவருக்கு இரத்தம் நன்றாகவே உறையும். அந்தப் பையனைக் கடித்தது பாம்புதான் என்று இன்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் நன்றாக இருந்த ஆளுக்கு இமை தொங்கிப்போய்ச் சாவு வந்தால், அதை மாரடைப்பு என்று எழுத எந்த மருத்துவரும் தயங்குவார். எழுதியவர் மருத்துவர் இல்லை.

பொதுச் சுகாதாரப் பட்டயப் படிப்பு படித்த நாட்களில் பழைய சென்னை மாகாணச் சட்டசபை விவாதங்களைப் புரட்டும் வழக்கம் எனக்குத் தொற்றிக்கொண்டது. 1919 சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின் 1920-ல் தேர்தல் நடந்து கூடிய அவை அது. சொத்தோ வரியோ உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. இரட்டையாட்சி என்ற விசித்திரமான ஏற்பாடு வேறு: சுகாதாரத்தை இந்திய மந்திரிகளிடம் கொடுத்துவிட்டு, கஜானாச் சாவியை ஆளுநரின் நிர்வாகக் குழு வைத்துக்கொண்டது. பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் பால் சொம்பைத் தராத கதை. உறுப்பினர்கள் எழுந்து, இன்ன தாலுகாவில் காலராவில் எத்தனை பேர் செத்தார்கள், கிணறு வெட்ட என்ன செலவானது என்று கேட்பார்கள். பதில்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி உண்டு: அரசிடம் தகவல் இல்லை.

தகவல் இருந்தாலும் அது எங்கிருந்து வந்தது? தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் ஜில்லாவுக்குள் இருந்தன. 1899-ன் சென்னை பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் காலத்தில் கிராமத்துக் கணக்கு மணியக்காரர் கையில். தலையாரி வந்து இன்னார் செத்தார் என்பார்; இவர் நோட்டில் ஏற்றுவார். காரணம் எழுதச் சில கட்டங்களே இருந்தன: காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சு நோய், காயம், மற்றவை. பாம்புக்கடிக்குக்கூடக் காயங்களோடு சேர்த்து இடம் கொடுத்திருந்தார்கள். வாந்தியும் அம்மைக் கொப்புளமும் மணியக்காரருக்குக் கண்ணால் பார்த்தே தெரியும். மற்றதெல்லாம் அவருக்குக் காய்ச்சல்தான். மலேரியா, டைஃபாய்டு, காசநோய், பிரசவித்த பெண்ணுக்கு வரும் சீழ்க்காய்ச்சல், எல்லாமே ஒரே கட்டத்தில் போய் விழுந்தன. அந்த அவையின் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவராகவும் இருந்தவர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரே எழுந்து தாய்மார் சாவைப் பற்றிப் பேசினாலும், பிரசவச் சாவில் ஒரு பங்கு காய்ச்சல் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். அதை எப்படி எண்ணுவது? மணியக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் வேலை நிலவரி வசூல். சாவுக்குக் காரணம் கண்டுபிடிக்க அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பரம்பரை மணியக்காரர், கர்ணம் பதவிகள் 1980-ல் ஒழிந்து வி.ஏ.ஓ. வந்தார். பிறப்பு, இறப்புப் பதிவுக்கான 1969-ன் மத்தியச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் கிராமத்தில் வீட்டோடு நடக்கும் சாவுக்குக் காரணம், பெரும்பாலும் கூட வந்த பங்காளி சொல்வதுதான். அறுபதைத் தாண்டினால் முதுமை, குறைந்தால் மாரடைப்பு.

இது வெறும் காகித விஷயம் என்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்தையே காட்டுவேன். 1990-களில் பெண் சிசுக்கொலைக்குப் பெயர் கெட்டுப்போன மாவட்டங்களில் தருமபுரியும் சேலமும் உண்டு. அந்தக் குழந்தைகளின் சாவுக்கு ஊர் சொன்ன காரணம் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பால் புரையேறியது. வீடு வீடாகப் போன கிராமச் செவிலியர்கள் வழியே ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் வேறொரு சொல் ஏறியது: 'சமூகக் காரணம்'. மழுப்பலான சொல்தான். ஆனால் அதைக் கூட்டிப் பார்த்தபோதுதான் எந்த வட்டாரத்தில் எத்தனை பெண் குழந்தை போகிறது என்பது தெரிந்தது. வளர்க்க முடியாத பெண் குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுவிடலாம் என்று 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. அந்தத் திட்டத்தின் நிறைகுறை தனிக்கதை. பதிவேட்டில் ஒரு சொல் மாறியது சும்மா போகவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பாம்புக்கடிக்கு வருவோம். 1937-ல் அமைந்த ராஜாஜி மந்திரி சபையில் சுகாதாரம் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனிடம் இருந்தது. ராஜாஜி நம்ம ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர். அந்த ஆட்சியில் நிறைவேறியதுதான் 1939-ன் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவில் அப்படி ஒரு முழுச் சட்டம் அதுதான் முதல். அறிவிக்கப்பட்ட நோயைக் கண்டால் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது அதில் முக்கியமான விதி. அதே சட்டத்தின் கீழ் 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அரசு, தனியார் எந்த மருத்துவமனை என்றாலும் கடிபட்டு வந்தவரையும் இறந்தவரையும் கணக்கில் காட்ட வேண்டும். எந்த வட்டாரத்துக்கு விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். அஞ்செட்டி மலையிலோ பென்னாகரத்திலோ வீட்டிலேயே இறந்துபோய் மாரடைப்பு என்று எழுதப்பட்டவர் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

சரி, வீட்டில் சாவு நடந்தால் என்ன செய்ய வேண்டும்? கடைசி நோய்க்கு வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் 4ஏ படிவம் கேளுங்கள். இறப்புக்கான காரணத்தை எழுதிக் கொடுப்பது அவர் கடமை. அதற்குக் காசு வாங்கக் கூடாது. காரியம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் வரை அலைய வேண்டிவரும். பாம்பு கடித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள். "அறுப்பாங்க சார்" என்று தயங்குவது எனக்குத் தெரியும். பெற்றவர்களிடம் இதைச் சொல்ல எனக்கே நாக்கு எழாது. ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் விபத்துக் காப்பீட்டுப் பணம் கேட்டுப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமை தொங்கலும் சேர்ந்து வந்தால், கடித்த தடம் தேடி நேரம் போக்காமல் 108-ஐ அழையுங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள்.

பதிவைத் திருத்த முடியுமா என்று அந்த அம்மா கேட்டார். தவறான பதிவைத் திருத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆதாரம் வேண்டும் என்றேன். "எரிச்சு ரெண்டு வருசம் ஆவுது சார்" என்றார். பிறகு சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். 210.